மழைக்காட்டுப் பறவைகளைத் தேடி எங்கே போகலாம்: தட்டேக்காடு, வால்பாறை, சிங்கராஜ வனம், அந்தமான்

இந்தப் புதுச்சேரி, கடலூர்க் கடற்கரையில் பறவை பார்க்கப் பழகியவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்த்துப் பழகியவர்கள். ஊசுட்டேரி, பாகூர் ஏரி, கழுவேலி, பெருமாள் ஏரி, வீராணம், தெற்கே பிச்சாவரம். காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கரையேறி நின்றால் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, நாமக்கோழி எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். என்ன பறவை என்று சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மறுபடி பைனாகுலரைத் தூக்கலாம். அது அங்கேயேதான் இருக்கும். மழைக்காட்டில் இந்தச் சலுகை கிடையாது. இலைக்குப் பின்னால் ஓர் அசைவு, ஒரு வால் நுனி, எங்கிருந்தோ ஒரு சீட்டி. மர உச்சியில் ஏதோ ஒன்று பழம் தின்றுகொண்டிருக்கும். கீழே நிற்கும் நமக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

ஆனாலும் ஆசை விடுவதில்லை. ஏரிப் பறவைகள் ஓரளவு பழகியதும் ‘ஒரு தடவையாவது மழைக்காட்டுக்குப் போகணும்’ என்ற பேச்சு எந்தக் குழுவிலும் வந்துவிடும். உடனே நாலு பெயர் விழும்: தட்டேக்காடு, வால்பாறை, இலங்கையின் சிங்கராஜ வனம், அந்தமான். அப்புறம் வாக்குவாதம்தான். ஒருவர் எங்கே அதிக இனம் என்று பட்டியலை எடுப்பார். ஒருவர் செலவுக் கணக்கைப் போடுவார். ஒருவருக்குப் பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையின் படம் மட்டும் போதும். கூட வரப்போகிற வீட்டுக்காரர்களுக்கு அருவி இருக்கிறதா என்பதுதான் கவலை.

நான் பார்ப்பது ஒரே ஒரு கணக்கு. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை, அந்தக் காட்டுக்குள்ளோ காட்டின் ஓரத்திலோ நம் காலால் நடக்க விடுவார்களா? அவ்வளவுதான். மழைக்காட்டில் பறவைகள் வாயைத் திறக்கிற நேரம் அது. வெயில் ஏறினால் அடங்கிவிடும். மாலையில் கொஞ்ச நேரம் மீண்டும் எழும். அங்கே பறவையை முதலில் காதால்தான் பிடிக்க வேண்டும். காதால் பிடிக்க நின்று கேட்க வேண்டும், நாலு அடி வைத்து மறுபடி நிற்க வேண்டும். எஞ்சின் உறுமுகிற வண்டியில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. ஒரு காட்டின் பட்டியலில் 300 இனம் இருந்தாலும், நடக்க விடாத காட்டில் நமக்குக் கிடைப்பது மயிலும் காட்டுக்கோழியும்தான்.

இந்தக் கணக்கில் முதலிலேயே அடிபட்டுப் போகிறவை முதுமலையும் டாப்சிலிப்பும். இரண்டுமே அருமையான காடுகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புலிகள் காப்பகம் என்றால் பெரும்பாலும் வனத்துறை வண்டி, குறித்த பாதை, குறித்த நேரம். தவிர, முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர் காடு. மழைக்காடு பார்க்கக் கிளம்பியவர்கள் அங்கே போய் ‘இதுவா?’ என்று கேட்பார்கள். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத்தான். அங்கேயும் திட்டம் வனத்துறை போடுவதுதான். யானை பார்க்க, குடும்பத்தோடு போக, தாராளமாகப் போகலாம். இந்தப் பேச்சில் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தட்டேக்காட்டிலிருந்து தொடங்குகிறேன். எர்ணாகுளம் மாவட்டம், கோதமங்கலத்துக்குப் பக்கத்தில், பெரியாற்றின் கரையில் இருக்கிற சின்னச் சரணாலயம். பரப்பு 25 சதுர கிலோமீட்டர்தான். சலீம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுத்தபோது இந்த இடத்தைப் பார்த்து மலைத்துப்போனார். தீபகற்ப இந்தியாவிலேயே பறவை வளம் மிகுந்த இடம் என்று அவர் சொன்னதை இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1983இல் அது சரணாலயமானது. அவர் பெயரையே வைத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத் தாழ்காடு இது. பெரும்பாலான தாழ்காடுகள் ரப்பராகவும் தேக்காகவும் மாறிவிட்டதால், மிஞ்சிய இந்தத் துண்டில் பறவைகள் நெருங்கி வாழ்கின்றன.

அங்கே எல்லோரும் தேடிப் போவது தவளைவாயன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் இருக்கிற இரவுப் பறவை. மைனா அளவுதான் இருக்கும். பகல் முழுக்க ஒரே கிளையில் ஆணும் பெண்ணும் ஒட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, அலகை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஆண் சாம்பல், பெண் செம்பழுப்பு. வழிகாட்டி கையை நீட்டி ‘அங்கே’ என்பார். நமக்கு இரண்டு காய்ந்த சருகுதான் தெரியும். அவர் மறுபடி, ‘அந்தக் கொடிக்கு இடது பக்கம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே’ என்பார். இன்னும் சருகுதான். திடீரென்று ஒரு சருகுக்கு வாயோரம் மீசை இருப்பது கண்ணில் படும். அதற்குப் பிறகு அது சருகாகவே தெரியாது. மழைக்காட்டில் பார்க்கிற முறையே வேறு என்பது ஏரிக்கரைக் கண்ணுக்கு உறைக்கிற இடம் அதுதான்.

இதை நாமாகப் போய்க் கண்டுபிடிக்கவே முடியாது. தட்டேக்காட்டின் பலம் அதன் பட்டியலைவிட உள்ளூர் வழிகாட்டிகள்தான். எந்தக் கிளையில் இன்று உட்கார்ந்திருக்கிறது, தீக்காக்கை எந்த ஓடைப் பக்கம் குரல் கொடுத்தது, ஆந்தை எந்தத் தோப்பில் பகலைக் கழிக்கிறது என்று அன்றாடம் தெரிந்துவைத்திருக்கிறார்கள். தங்குகிற வீட்டுக்காரர்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள். காலையில் உருளந்தண்ணிப் பக்கம் காட்டுப்பாதை, மாலையில் பூதத்தான்கெட்டு அணை என்று நடக்க இடம் நிறைய. இரண்டு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒன்று, பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு இழுக்கிற வேலை வேண்டாம் என்று. சில வழிகாட்டிகள் நம்மைத் திருப்திப்படுத்த அதைச் செய்துகொண்டே இருப்பார்கள். கூடு கட்டுகிற காலத்தில் அது பறவைக்குத் தொல்லை. இரண்டு, மறைப்பில் உட்காருவது. தண்ணீர்த் தொட்டி வைத்து, துணி மறைப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். படம் எடுக்கிறவர்களுக்குச் சொர்க்கம்தான். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அதில் ஒரு காலையைச் செலவழித்தால், அந்தக் காலை போனது போனதுதான்.

போகிற வழி கடலூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சுலபம். காரைக்காலிலிருந்து எர்ணாகுளம் போகிற ரயில் மாலையில் கிளம்பி மறுநாள் காலை போய்ச் சேரும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஏறிக்கொள்ளலாம். புதுச்சேரியிலிருந்து போகிறவர்கள் சேலம்வரை பேருந்தில் போய், சென்னையிலிருந்து வரும் கேரள ரயில்களில் ஏதாவது ஒன்றைப் பிடிப்பார்கள். சிலர் சென்னைக்கே போய் ஏறுவார்கள். ஆலுவாவில் இறங்கினால் கோதமங்கலத்துக்குப் பேருந்து உண்டு, அங்கிருந்து ஆட்டோ. இன்னொரு நல்லதும் இருக்கிறது. கோதமங்கலத்திலிருந்து மூணாறு சுமார் 80 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. தவளைவாயனும் தீக்காக்கையும் கீழே இருக்கும். நீலகிரி ஈப்பிடிப்பான், கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பான், சோலைக்காட்டில் சிரிக்கிற சிலம்பன்கள் எல்லாம் மேலே. தட்டேக்காட்டோடு மூணாற்றையும் சேர்த்துக்கொண்டால் ஒரே பயணத்தில் இரண்டு உலகம்.

வால்பாறை வேறு மாதிரி. காடும் தேயிலையும் மாறி மாறி வருகிற மலைமேடு அது. 1890களில் தொடங்கி மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். வெட்டாமல் விட்ட இடங்கள் துண்டுதுண்டாக எஸ்டேட்டுகளுக்கு நடுவே நிற்கின்றன. பறவை பார்க்கிறவனுக்கு இதில் ஒரு விசித்திரமான வசதி. பொதுச்சாலையில் நின்றால் ஒரு பக்கம் தேயிலை, வெட்டவெளி, மறுபக்கம் துண்டுக்காடு. பெரிய இருவாச்சி ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக அந்தத் திறந்தவெளியைக் கடந்தே ஆக வேண்டும். பறவை தெரிவதற்கு முன்னால் இறக்கையின் இரைச்சல் கேட்கும். நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்கிறது. முழு மழைக்காட்டுக்குள் இந்தக் காட்சி அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

இருவாச்சிக்காகப் போகிறவர்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போவது நல்லது. கூடு கட்டுகிற காலம் அது. பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும்; ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். ஆண் அத்திப்பழமாகப் பொறுக்கி வந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கீறல் வழியே ஊட்டும். கூட்டு மரம் எங்கே என்று யாராவது சொன்னாலும் கிட்டே போகாதீர்கள். ஆண் மிரண்டு போய்விட்டால் உள்ளே இருப்பது பட்டினி. அத்தி பழுத்த மரம் எது என்று விசாரியுங்கள். அதற்குக் கீழே தள்ளி நின்றால் இருவாச்சி மட்டுமல்ல, குக்குறுவான், பச்சைப்புறா என்று ஊரே வந்து போகும். இந்த மலையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் திவ்யா முடப்பாவும் சங்கர் ராமனும் எஸ்டேட்டுகளோடு பேசி, சிதைந்த துண்டுக்காடுகளில் மண்ணின் மரங்களை மீண்டும் நட்டுவருகிறார்கள். புதுத்தோட்டம் பக்கம் சாலையோரம் சிங்கவால் குரங்கு நின்றால், தயவுசெய்து பிஸ்கட் மட்டும் போடாதீர்கள்.

வால்பாறையின் குறை யானையும் சிறுத்தையும். குறை என்று சொல்வதே தப்புதான், அவற்றின் இடம் அது. ஆனால் விடியற்காலையில் தனியாக நடக்கிற பழக்கம் உள்ளவர்கள் அங்கே அதை விட்டுவிட வேண்டும். யானை நடமாடுகிற இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு பொருத்தியிருக்கிறார்கள். எரிந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. விளக்கைவிட எஸ்டேட் ஆட்கள் சொல்வதுதான் சரியான தகவல். கூடையோடு போன ஓர் அம்மா எங்களை நிறுத்தி, “அண்ணா, அந்த வளைவுக்கு அப்பால போகாதீங்க, காலைல இருந்து ஒத்தை நிக்குது” என்றார். ‘இருவாச்சி பார்க்கத்தான் வந்தோம்’ என்று விளக்கினால், “அது சாயங்காலமும் வரும், நீங்க வாங்க” என்று பதில். நாங்கள் டீக்கடைக்குப் போய்விட்டோம். மாலை மங்கியதும் குழந்தைகளை வெளியே விடக் கூடாது; எஸ்டேட் வீடுகளின் பக்கமே சிறுத்தை வருகிற ஊர் அது.

பயணம் எளிது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து கோவைக்கு இரவுப் பேருந்து, உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர்தான், ஆனால் பேருந்துக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள். சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போனால் ஊட்டி, கொடைக்கானலைப் போல இங்கேயும் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை. நாலு இடத்தில் செலவு குறைந்தது இதுதான், தமிழிலேயே எல்லாம் முடியும், வீட்டில் பறவை பார்க்காதவர்களுக்கும் அணை, அருவி, தேயிலை என்று பொழுது போகும். பொங்கல் விடுமுறையில் மட்டும் போகாதீர்கள். ஊரே வண்டியாக நிற்கும். ஹாரன் சத்தத்தில் எந்தச் சீட்டியைக் கேட்பது?

சிங்கராஜ வனத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் பக்கம் ஒரு கேள்வி வரும்: ‘நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் விடுகிறார்களே, அதிலேயே போய்விடலாமா?’ 2023இல் தொடங்கிய காங்கேசன்துறைப் படகுச் சேவையைத்தான் சொல்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் காங்கேசன்துறை இருப்பது யாழ்ப்பாணத்தின் வட நுனியில். சிங்கராஜம் இருப்பது தீவின் தென்மேற்கு மூலையில். இறங்கிய பிறகு தீவையே நெடுக்கு வாட்டில் கடக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படகையும் நிறுத்திவிடுவார்கள். யாழ்ப்பாணம், மன்னார் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போக ஒரு மாதம் இருப்பவர்களுக்குச் சரி. மற்றவர்கள் சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறுவதுதான் வழி. ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து கலவான வழியாகக் காட்டின் குடவ நுழைவாயிலுக்கோ, தெற்கே தெனியாயவுக்கோ காரில் அரை நாள். இணையத்தில் பயண அனுமதியை முன்பே எடுத்துவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், மழைக்காடு எப்படி இயங்குகிறது என்று ஒரே காலையில் புரியவைக்கிற இடம் இதுதான். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த காடு. பரப்பு 11,000 ஹெக்டேருக்கு மேல். இலங்கைக்கே உரிய பறவைகள் 30க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரு காட்டில் உண்டு. வனத்துறை வழிகாட்டியோடுதான் போக முடியும், ஆனால் போவது நடந்துதான். நடக்கத் தொடங்கினால் நெடுநேரம் ஒரு குரலும் இருக்காது. பணம் வீணா என்று தோன்றும். பிறகு எங்கோ சலசலப்பு கேட்கும். ஆரஞ்சு மூக்குச் சிலம்பன்கள் கூச்சலிட்டுக்கொண்டே வரும். கூடவே கரிச்சான், அப்புறம் தீக்காக்கை, மரங்கொத்தி, செம்முகப் பூங்குயில், மேலே நீல மேக்பை. ஐந்தாறு நிமிடத்தில் எல்லாம் தலைக்கு மேல் கடந்து போய்விடும். மறுபடி அமைதி.

இந்தக் கலப்புக் கூட்டங்களைப் பறவை ஆய்வாளர்கள் சரத் கொட்டகமவும் ஈபன் குடேலும் பல வருடம் கணக்கெடுத்திருக்கிறார்கள். சராசரியாக ஒரு கூட்டத்தில் பத்துப் பதினொரு இனம், நாற்பது பறவைகளுக்குமேல். சிலம்பன்கள் இலையைக் கிளறிப் பூச்சிகளைக் கிளப்ப, கரிச்சான் பறந்து பிடிக்கும். பருந்து வந்தால் எச்சரிக்கையும் அதுதான் கொடுக்கும். அந்தக் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலைப் போலி செய்வதையும், அந்தப் போலிக் குரல் மற்ற இனங்களைக் கூட்டத்தின் பக்கம் இழுப்பதையும் அவர்கள் சோதித்துக் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டுப் போனால் அந்த ஐந்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது என்று தெரியும்: கரிச்சானைக் கண்டுபிடித்துவிட்டு அதன் கீழே தேட வேண்டும். தெரியாமல் போனால் யாரையும் பார்க்காமல் எல்லாரையும் தவறவிடுவோம். அதனாலேயே முதல் மழைக்காடாக இதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம். காது பழகாத கண்ணுக்கு அங்கே ஓட்டம் அதிகம்.

இரவுக்கும் ஒரு காரணம் உண்டு. 2004இல் தான் அறிவியலுக்குப் பெயரிட்டு அறிமுகமான செரண்டிப் ஆந்தை இந்தக் காட்டுப் பறவை. இலங்கைப் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட அதை முதலில் கண்ணால் கண்டதில்லை. அடையாளம் தெரியாத ஒரு குரலாகத்தான் கேட்டார், அந்தக் குரலைத் துரத்தித்தான் பறவையைப் பிடித்தார். அட்டையும் உண்டு, ஏராளமாக. வழிகாட்டிகள் சிங்களம் பேசுவார்கள், பறவைப் பெயரை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள்; தெனியாயப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தமிழும் கேட்கும். போகிற காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை.

அந்தமானைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே போக வேண்டியவர்கள் யார் என்பது தெளிவு: இந்தியப் பறவைகளின் பட்டியலை நிறைவு செய்கிற ஆசை உள்ளவர்கள். தீவு என்பதால் மொத்த இனங்கள் குறைவு, ஆனால் உலகில் வேறெங்கும் இல்லாதவை இந்தத் தீவுக்கூட்டத்தில் இருபதுக்கு மேல். அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் பாம்புண்ணிக் கழுகு, அந்தமான் செண்பகம், அந்தமான் வால்காக்கை, இரண்டு மூன்று வகை ஆந்தை என்று எதைப் பார்த்தாலும் புதுசு. நடக்கவும் தடையில்லை. போர்ட் பிளேரிலிருந்து, இப்போது ஸ்ரீ விஜயபுரம், 25 கிலோமீட்டரில் சிடியா டாப்பு. பொதுச்சாலையிலேயே காடு தொடங்கிவிடும். சத்தாமிலிருந்து படகில் பாம்பூ ஃபிளாட் போய் மவுண்ட் ஹாரியட் ஏறலாம். அதற்கும் 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஊரில் தமிழர்கள் நிறைய, மொழிப் பிரச்சினையே வராது.

அங்கே போகிறவர்கள் மறந்துவிடுவது கடிகாரம். தீவு அவ்வளவு கிழக்கே இருந்தாலும் மணி நம் மணிதான். ஜனவரியிலேயே ஐந்தே முக்காலுக்கு விடிந்துவிடும், மாலை ஐந்தேகாலுக்கு இருட்டும். கோடையில் இன்னும் முன்னால். ஊரில் போல ஆறரைக்குக் கிளம்பினால் பாதிக் காலை போயிருக்கும். ஆந்தை தேட இரவு எட்டு மணிவரை காத்திருக்கவும் வேண்டாம், ஆறு மணிக்கே தொடங்கலாம். நார்கொண்டம் இருவாச்சி என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். அது நார்கொண்டம் என்ற ஒரே தீவில் மட்டும் வாழ்கிறது, சுற்றுலாப் பயணிகளை அங்கே விடுவதில்லை. வடக்கே பராட்டாங் போகிற நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் போகிறது. அங்கே வண்டியை நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது, பறவைக்காகக்கூட. செலவு என்று பார்த்தால் விமானக் கட்டணம்தான் பெரிய பங்கு. சென்னையிலிருந்து கப்பலும் உண்டு, போக மட்டுமே மூன்று நாள்வரை ஆகும். கடல் பறவை பார்க்கிற பொறுமை இருந்தால் சரி. நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றினால் கப்பல் என்ன, விமானமும் தள்ளிப்போகும்.

இந்த நாலில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், போவதற்கு முன்னால் நம் பக்கத்திலேயே செய்ய வேண்டிய ஒரு பயிற்சி இருக்கிறது. மரக்காணம் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போய் ஒரு காலையை நின்றே கழியுங்கள். கோரமண்டல் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு அது. மழைக்காடு போல உயரமில்லை, ஆனால் அடர்த்தி இருக்கிறது, இலையும் நிழலும் கண்ணைக் குழப்பும். அக்டோபரில் வடக்கிலிருந்து வந்து இறங்குகிற ஆறுமணிக்குருவி, பெயருக்கேற்றபடி விடியலிலும் அந்தியிலும் இரண்டு சீட்டி அடிக்கும். அதன் குரலைக் கேட்டு, தரையில் சருகுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். செந்தலைப் பூங்குருவியும் அரசவால் ஈப்பிடிப்பானும் அதே பாடத்தைத்தான் நடத்தும். ஆரோவில் காட்டிலும் இதைச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் இருக்கும், வார நாளில் போங்கள்.

இன்னொன்றும் சொல்லலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகள் எங்கெங்கே என்ன வகை என்று விரிவான வரைபடம் போட்டது புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்தான். 1955இல் தொடங்கிய நிறுவனம். வரைபடங்கள் 1980களிலும் 1990களிலும் வெளிவந்தன. பசுமைமாறாக் காடு எந்த உயரத்தில் எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொண்டு போனால், தட்டேக்காட்டில் பார்த்த பறவை ஏன் மூணாற்றில் இல்லை என்று குழம்ப வேண்டியிருக்காது.

கருவிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏரிக்கு வாங்கிய 10×50 பைனாகுலரைக் காட்டுக்குத் தூக்கிப் போக வேண்டாம் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில்). கனம் ஒரு பக்கம், பார்வைப் பரப்பு குறுகல் இன்னொரு பக்கம். இலைகளுக்குள் பறவையைத் தேடுவதற்குள் அது போய்விடும். 8×42 போதும். 42ஐ 8ஆல் வகுத்தால் ஐந்தேகால் மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்கு வரும். 10×42 என்றால் நாலு மில்லிமீட்டர் சொச்சம். காட்டின் இருட்டில் அந்த வித்தியாசம் தெரியும். கிட்டே இருப்பதைப் பார்க்கிற தூரமும் குறைவாக இருப்பதை வாங்குங்கள், ஏனென்றால் தவளைவாயன் பத்தடியில்கூட இருக்கலாம். மெர்லின் செயலியில் இந்தியப் பறவைகளின் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் குரல் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொன்னதை அப்படியே நம்பிப் பட்டியலில் எழுதிவிடாதீர்கள், கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிகிற ஈபேர்ட் இணையதளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் மாதவாரியான பட்டை வரைபடம் இருக்கிறது. தேடுகிற பறவை அந்த மாதத்தில் அங்கே தென்படுமா என்று பார்த்துவிட்டு விடுமுறை கேளுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். அட்டைக்கு லீச் சாக்ஸ் போதும், உப்புப் பொட்டலம் கூட ஒன்று.

சரி, என்ன முடிவு செய்வது? முதல் முறை போகிறவர்கள், பறவைக்காக மட்டும் போகிறவர்கள் தட்டேக்காட்டுக்குப் போங்கள். ஐந்து நாள் இருந்தால் கடைசி இரண்டை மூணாறுக்கு ஒதுக்குங்கள். குடும்பத்தோடு போக வேண்டும், கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் வால்பாறை. இருவாச்சி ஒன்றே போதும் என்பவர்களுக்கும் அதுதான். தட்டேக்காட்டைப் பார்த்துக் காது கொஞ்சம் பழகியவர்களுக்கு அடுத்த படி சிங்கராஜம். அந்தமான் அதற்கும் பிறகு, விமானக் கட்டணம் மலிவாகக் கிடைக்கிற வருடத்தில். ‘இவ்வளவு தூரம் போய் நாலு பறவை பார்க்கவா’ என்று கேட்கிற நண்பர் குழுவில் இருந்தால், அவரை வால்பாறைக்குக் கூட்டிப் போங்கள், அங்கே அவருக்கு நல்ல டீ கிடைக்கும்.

காலம் நாலுக்குமே பெரும்பாலும் ஒன்றுதான்: பொங்கல் கூட்டம் அடங்கிய பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்வரை. ஜூன் தொடங்கிவிட்டால் தென்மேற்குப் பருவமழை. ஆறு, அட்டை, மண்சரிவு என்று மேற்கு மலையிலும் சிங்கராஜத்திலும் வெளியே நிற்கவே முடியாது. பிப்ரவரியில் தட்டேக்காடு என்றால் முதலில் தங்குமிடத்துக்காரரிடம் பேசி வழிகாட்டி எந்தத் தேதியில் இருப்பார் என்று உறுதி செய்யுங்கள். நல்ல வழிகாட்டிகளை வெளிநாட்டுக் குழுக்கள் மாதக்கணக்கில் முன்பே பிடித்துவைத்திருப்பார்கள். அவர் சொல்கிற தேதிக்கு ரயில் டிக்கெட்டைப் பாருங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். கேரள ரயில்களில் வெள்ளி, ஞாயிறு இரவுகள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் செவ்வாயோ புதனோ கிளம்பப் பாருங்கள். நாலு பேராகப் போனால் வழிகாட்டிக் கூலியும் ஜீப் வாடகையும் பங்கு போடலாம், அதற்கு மேல் ஆள் சேர்க்காதீர்கள். ஆறு பேர் நடந்தால் காட்டுப்பாதையில் பறவைக்கு முன்னால் நம் சத்தம்தான் போய்ச் சேரும்.